முதலில் தண்ணீர்

அறுபத்து நாலு சதுரங்கள் என் எதிரே.
துணிக்கடை வாசல், நகரும் படிக்கட்டு,
மூன்றாம் தளத்துக் கார் நிறுத்தம்,
தொழுகையறைக்கு வெளியே செருப்புகள்.
மாலை நாலிலிருந்து நள்ளிரவு வரை
இமைப்பதற்குச் சம்பளம் கிடையாது.

தொலைந்த பிள்ளைகளைக் கண்டுபிடித்துக் கொடுப்பவன் நான்.
நோன்பு மாதத்தில் ஒரே இரவில் ஐந்து பேர்.
சிவப்புச் சட்டை, ஒற்றைச் செருப்பு,
கையில் பாதி தின்ற சோளம் என்று
அழுகைக்கு நடுவே அம்மாக்கள் சொல்வதை
ஏழு நிமிடத்தில் ஏதோ ஒரு சதுரத்தில் பிடித்துவிடுவேன்.

இன்னொன்றும் தெரியும் எனக்கு.
சின்ன நடைக்கு ஏற்பத் தன் நடையைச் சுருக்கிக்கொள்ளும்
பெரிய கால்கள்.
அவிழாத ஷூ லேஸை
அவசரமில்லாமல் குனிந்து கட்டுவது.
வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ.
பின்கழுத்து சில்லிடும்,
கை தானாக வாக்கிடாக்கிக்குப் போய்விடும்.

ஷார்ஜா, அல் நஹ்தா. ஒரு ஹால், ஒரு அறை.
ஜூலை, வெளியே நாற்பத்தேழு டிகிரி.
கீழே சறுக்குமரம்
தோசைக்கல்லாகக் காய்ந்து கிடக்கிறது.
பெனிலா கிளினிக்கிலிருந்து வர எட்டாகும்.
ஜெஃப்ரினுக்குப் பதினொன்று நடக்கிறது.
ஏசிக்கு நேர் கீழே, டேப்பும் கையுமாக,
கட்டைகளை அடுக்கி ஊர் கட்டுகிறான்.
கதவுக்கு இரண்டு பூட்டு போட்டிருந்தோம்.

செவ்வாய் எனக்கு விடுமுறை.
பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன்.
வந்து நின்றான். ஒரு பல்லை எடுத்து உருட்டினான்.

"அப்பா, மால்ல தொலைஞ்சுபோற பசங்கள
நீங்க திட்டுவீங்களா?"

இல்லடா. முதல்ல தண்ணி குடுப்போம்.
அப்புறம்தான் பேரே கேப்போம்.

"கையை விட்டது அவங்க தப்புன்னாலும்?"

அவங்க தப்புன்னாலும்.

இன்னும் இரண்டு பல் உரித்தேன்.
நிமிர்ந்தால் ஓடிவிடுவான் என்பதுபோல்
கத்தியிலேயே கண்ணை வைத்திருந்தேன்.
டேப்பை என் மடியில் வைத்தான்.

நீலக்கழுகு என்று பெயர்.
எனக்கும் பதினொன்று என்கிறது.
மூன்று வாரம் சேர்ந்து கோட்டை கட்டியிருக்கிறார்கள்,
வைரவாள் ஒன்றைச் சும்மாவே கொடுத்திருக்கிறது.
பிறகு, உங்க அப்பா எத்தனை மணிக்குக் கிளம்புவார்?
பிறகு, இது நம்ம ரகசியம்.
நேற்று, சட்டை இல்லாம ஒரு போட்டோ அனுப்பு.

எழுத்திலும் தெரிந்தது அந்த நடை.
குனிந்து கட்டிய அந்த லேஸ்.
என் சுவரில் ஒருபோதும் வராத
அறுபத்தைந்தாவது சதுரம்
மடியில் சூடாக இருந்தது.

கத்தத் தோன்றியது. சுவரில் எறியத் தோன்றியது.
ஏன்டா முன்னாடியே சொல்லல என்பது
பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது.
எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தேன்.
மூச்சுவிடாமல் குடித்தான்.

அனுப்பினியா?
இல்லை என்று தலையாட்டினான்.
கொஞ்சம் கழித்து, "ஒண்ணு. முகம் மட்டும்."
பரவாயில்ல என்றேன்.
பரவாயில்லாமல் இல்லை. ஆனாலும் சொன்னேன்.

எதையும் அழிக்கவில்லை.
போலீஸில் காட்ட வரிவரியாகப் படமெடுத்து வைத்தோம்.
பிறகு நீலக்கழுகைத் தடுத்தோம்,
அந்தப் பொத்தானை அழுத்தியது அவன் விரல்.

"பிடுங்கி வைங்க அதை" என்றாள் பெனிலா.
பிடுங்கினா அடுத்த தடவை சொல்லமாட்டான் என்றேன்.
சமையலறையில், குழாயைத் திறந்துவிட்டு,
ஒரு மணி வரை சண்டை.
அவள் சொன்னதிலும் பாதி சரி.
டேப் இப்போது ஹாலில், சாப்பாட்டு மேசையில்.
எனக்கும் அதில் ஒரு குடிசை கட்டிக் கொடுத்திருக்கிறான்.
வேலைக்குப் போகுமுன் கால்மணி நேரம் அங்கே நடக்கிறேன்.
அடிக்கடி ஆற்றில் விழுகிறேன்.
அவன் சிரிக்கிறான்.

நேற்று ஆறரைக்கு, கூட்டம் ஏறும் நேரம்,
போன் அதிர்ந்தது.
"அப்பா, புதுசா ஒருத்தன் கூப்பிடறான்.
யாருன்னு தெரியல. சேரட்டுமா?"

பக்கத்து நாற்காலி நேபாளியிடம்
ரெண்டு நிமிஷம் பாத்துக்கோ என்றேன்.
அறுபத்து நாலுக்கும் முதுகைக் காட்டித்
திரும்பி உட்கார்ந்தேன்.